ஓலை இடுக்கில் ஒரு கடிதம்

அந்தக் குழுவில் ஆசிரியருக்கு நாற்பத்து நான்கு வயது. சீடருக்கு அறுபத்தொன்று.

ஆசிரியர் பெயர் தனபாக்கியம். தகப்பனாருக்குப் பிறகு நாடகக் குழுவை நடத்தி வந்தார். எல்லோரும் அவரை வாத்தியார் என்றே அழைத்தார்கள். சீடர் தீர்த்தகிரி. மனைவி இறந்த மறுவருஷம் அரிசி ஆலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, வேஷம் கட்ட வேண்டும் என்ற சின்ன வயது ஆசையோடு வந்து சேர்ந்தவர். வயதை எண்ணி வாத்தியார் அவரை அண்ணா என்பார். அவர் வாத்தியாரம்மா என்பார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாரும் எதையும் கேட்கலாம். வாத்தியார் விளக்கம் சொல்ல மாட்டார். பதில் மேடையில்தான் கிடைக்கும்.

அவர்கள் ஆடிவந்தது மிகப் பழைய நாடகம். எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆற்றின் இரு கரைகளில் இரண்டு வீடுகள். இரண்டுக்கும் தீராப் பகை. இந்தக் கரைப் பையன் அந்தக் கரைப் பெண்ணை விரும்புகிறான். பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகிறது. அவள் ஓடக்காரனிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்புகிறாள்: ஆற்று நடுவில் உள்ள திட்டில் காத்திருக்கிறேன், வெள்ளம் வருமுன் வந்துவிடு.

ஓடக்காரன் வரும்போது பையன் வீட்டில் இல்லை. தகப்பன் வாங்கிக்கொள்கிறான். எந்த வீட்டிலிருந்து என்று கேட்கிறான். தெரிந்ததும் பிரிக்காமல் கூரையின் ஓலை இடுக்கில் செருகிவிடுகிறான்.

"அந்த வீட்டுக் காகிதம் என் வீட்டுக் கூரையோடு மக்கட்டும்" என்பது அவன் வசனம்.

அதன்பின் நான்கு காட்சிகள். தகப்பன் அந்த ஓலையின் கீழேதான் உட்காருகிறான், சாப்பிடுகிறான், மகனோடு சண்டை போடுகிறான். கடிதத்தின் வெள்ளை முனை மட்டும் சபைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். வெள்ளம் வருகிறது. பெண்ணை அடித்துக்கொண்டு போகிறது. அவளைத் தேடிப் பையன் ஆற்றில் இறங்குகிறான். எல்லாம் முடிந்த பிறகு தகப்பன் கை நீட்டிக் கடிதத்தை எடுத்துப் பிரிக்கிறான்.

கடிதம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதிதாக எழுதி, உறையில் போட்டு, பசை தடவி ஒட்டப்படும். ஏற்கெனவே பிரித்ததைப் பிரிக்கிற கை பொய் சொல்லும் என்பது வாத்தியாரின் தகப்பனார் வைத்த விதி. கடைசிக் காட்சியில் உறை கிழியும் சத்தம் பின்வரிசை வரை கேட்க வேண்டும். அந்தச் சத்தத்துக்காகவே சிலர் வருவார்கள்.

இந்தத் தகப்பன் வேஷம் தீர்த்தகிரிக்கு.

சேர்ந்த புதிதில் அவர் கேட்டார்: "ரெண்டு வீட்டுக்கும் என்ன பகை? அது எங்கயும் வரலையே. ஏடு தொலைஞ்சு போச்சா?"

"இல்லை. எழுதினவர் எழுதலை."

"ஏன்?"

"இத்தனை ஊர் ஆடியிருக்கோம். ஜனங்கள்ல யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்டதில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவருக்கு வேறொரு குறை வந்தது. ஒத்திகைக் கொட்டகையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னார்.

"சத்தம் தாங்க முடியலை, வாத்தியாரம்மா."

"என்ன சத்தம்?"

"சபைச் சத்தம். நான் ஓலைக்குக் கீழே வந்து உக்காந்தாப் போதும். எடு, எடுன்னு கத்துறாங்க. எடுத்துப் படிடா பாவிங்கிறாங்க. போன ஊர்ல ஒரு கிழவர் கைத்தடியைத் தூக்கி ஓலையைக் காட்டுறார். வசனம் எப்படிப் பேசுறது?"

ஓடக்காரன் வேஷம் கட்டும் குட்டியப்பன் சிரித்தான். நாடகம் தொடங்கும்போது கட்டியக்காரனாக வந்து கதை சொல்பவனும் அவன்தான்.

"உம்மையாவது பாவிங்கிறாங்க. என்னை என்ன சொல்றாங்க தெரியுமா, மாமா? தபால்காரனுக்குப் பொறந்தவனா நீ, பையன் கையில குடுத்தா என்னடாங்கிறாங்க. எங்கம்மா முன்வரிசையில உக்காந்திருக்கா."

"அது நியாயம்தானே. நீ பையன் கையில குடுத்திருந்தா ரெண்டு பிள்ளைங்க பிழைச்சிருக்கும். தப்பெல்லாம் ஓடக்காரனோடது."

"அப்படிப் போடுங்க. வாங்கிச் செருகினது நீங்க, பழி எனக்கு."

"தப்பு யாரோடதுன்னு அப்புறம் பார்க்கலாம்" என்றார் வாத்தியார். "சத்தத்துக்கு என்ன செய்யணும்ங்கிறீங்க, அண்ணா?"

தீர்த்தகிரி யோசித்து வைத்திருந்தார். "இவன் முதல்லயே வந்து எல்லாத்தையும் சொல்லிடறான். பொழுது சாயறதுக்குள்ள இந்த ஆத்துல ரெண்டு பிள்ளைங்க சாகப்போறாங்க, அவங்களைக் காப்பாத்துற கடிதம் அதோ அந்த ஓலை இடுக்கில இருக்கப்போவுதுன்னு. முடிவைச் சொல்லிட்டு ஆரம்பிக்கிற நாடகம் உலகத்துல உண்டா? அதை எடுத்துடுங்க. தெரியாதவன் கத்த மாட்டான்."

"சரி" என்றார் வாத்தியார். "அடுத்த ஊர்ல எடுத்துடலாம்."

குட்டியப்பன் வாயைத் திறந்தான். வாத்தியார் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அடுத்த ஊரில் சந்தை கலைந்த பிற்பகல் ஆட்டம். கட்டியக்காரன் வந்து வணக்கம் சொன்னான், மழை பெய்ய வாழ்த்தினான், போய்விட்டான். கதையைச் சொல்லவில்லை.

சபை அமைதியாக இருந்தது. தகப்பன் கடிதத்தைச் செருகினான். யாரும் அசையவில்லை. ஓலையின் கீழே உட்கார்ந்தான். முன்வரிசையில் ஒருவர் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். மகனோடு போட்ட சண்டைக்குக் கைதட்டல் விழுந்தது. வெள்ளம் வந்தபோது சிலர் அடடா என்றார்கள். கடைசியில் உறை கிழிந்தது. "அது என்ன காகிதம்?" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பிறகு பாயை உதறி மடித்துக்கொண்டு போனார்கள்.

தீர்த்தகிரி முகம் மலர்ந்து வந்தார். "இன்னைக்கு ஒரு வார்த்தை விடலை. எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு, அண்ணா."

"ஆனா?"

"ஆனா ஒண்ணுமில்லை. உங்களை யாருமே தடுக்கலை."

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் அவருடைய மகள் கனகவல்லி தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுவந்தாள். இருபத்திரண்டு வயது. தலைக்கு எண்ணெய் வைக்காமல், கண்ணுக்குக் கீழே கறுத்து இருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை ஓசூர்ப் பக்கம் என்பதும் தெரியும். அவள் மனதில் இருப்பது அந்த மாப்பிள்ளை இல்லை என்பதும் தெரியும்.

இலை போட்டுப் பரிமாறிவிட்டு அவள் கேட்டாள்.

"அப்பா, அத்தைகிட்டேயிருந்து லெட்டர் வந்துச்சா?"

"வரலை."

"போன வாரமே போட்டாச்சுன்னு சொல்லியனுப்பினாங்க."

"வரலைன்னா வரலைம்மா. தபால்காரனைத்தான் கேக்கணும்."

சொல்லும்போது அவருடைய இடது கை சட்டைப் பைக்குப் போய், அங்கே ஒரு கணம் இருந்து, திரும்பியது. சாயவேட்டி மடித்துக்கொண்டிருந்த வாத்தியார் அதைப் பார்த்தார். மடிப்பதை நிறுத்தவில்லை.

கனகவல்லி நின்றாள். "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு, அப்பா."

"எனக்கு எண்ணத் தெரியும்."

அவள் தூக்குப்போசியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். வெளியே வெயில் வெள்ளையாக இருந்தது. அவள் போன பாதையில் புழுதி சற்று எழுந்து மறுபடி படிந்தது.

வாத்தியார் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"யார் பையன், அண்ணா?"

"என் தங்கச்சி மகன். சென்றாயன்."

"அப்ப முறைமாப்பிள்ளை."

"முறைதான். முறை மட்டும் இருந்தாப் போதுமா?"

"என்ன ஆச்சு?"

தீர்த்தகிரி சோற்றைப் பிசைந்தார். சாப்பிடவில்லை.

"அவன் காதுகுத்துக்குத் தாய்மாமன் நான். என் மடியில உக்கார வைச்சுத்தானே குத்தணும்? தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வைச்சு, புருஷனும் பெண்டாட்டியும் நேர்ல வந்து கூப்பிடணுமா வேண்டாமா? பத்திரிகையைத் தபால்ல போட்டாங்க, வாத்தியாரம்மா. ஒண்ணரை மைல் தூரம். நடுவுல ஒரு ஏரிக்கரை. தபால்ல போட்டாங்க."

"நீங்க போகலை."

"எப்படிப் போவேன்? அவங்க பங்காளி மடியில வைச்சுக் குத்தினாங்க. இருபத்தோரு வருஷம் ஆச்சு. அந்த வீட்டு வாசல்ல நான் மிதிக்கலை. என் சம்சாரம் செத்ததுக்கு அவங்க வந்தாங்க. நான் முகம் பார்க்கலை."

"அந்தப் பத்திரிகையில என்ன எழுதியிருந்துச்சு?"

அவர் நிமிர்ந்தார். "என்ன எழுதியிருக்கும்? காதுகுத்துன்னு எழுதியிருக்கும்."

"வேற ஒண்ணுமில்லையா? கூட ஏதாவது வைச்சு எழுதியிருந்தாங்களா?"

"நான் பிரிக்கலை. மூலையில மஞ்சள் தடவியிருந்துச்சு. மேல ஸ்டாம்பு ஒட்டியிருந்துச்சு. அது போதாதா? பரண்ல தூக்கிப் போட்டேன். இன்னும் அங்கதான் கிடக்கும்."

வாத்தியார் அவருடைய சட்டைப் பையைப் பார்க்கவில்லை.

பிறகு சொன்னார்: "நாளைக்கு நீங்க வேஷம் கட்ட வேண்டாம், அண்ணா."

"ஏன்? நான் என்ன தப்பா நடிச்சேன்?"

"தப்பே இல்லை. அதனாலதான்."

"என் வேஷத்தை யார் கட்டுவா?"

"நான் கட்டிக்கிறேன். நீங்க சபையில உக்காருங்க. கட்டியக்காரன் கதையைச் சொல்வான்."

தீர்த்தகிரிக்கு அவமானமாக இருந்தது. ஆனால் சீடர். தலையை ஆட்டினார்.

புதன்கிழமை மாலை, வெயில் தணியத் தொடங்கும் நேரம். பாய் விரித்த திடலில் ஐந்தாவது வரிசையில் இடம் பிடித்தார். இடது பக்கம் ஒரு தூண். வலது பக்கம் மடியில் குழந்தையோடு ஒரு பெண். கல்லுடைக்கிறவள் போலிருந்தாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது.

குட்டியப்பன் கட்டியக்காரனாக வந்தான். குதித்தான், இரண்டு பேரைக் கிண்டல் செய்தான், பிறகு குரலை இறக்கிக்கொண்டான்.

"மகாஜனங்களே, பொழுது சாயறதுக்குள்ளே இந்த ஆத்துல ரெண்டு பிள்ளைங்க சாவாங்க. அவங்களைக் காப்பாத்துற கடிதம் அதோ அந்த ஓலை இடுக்கில இருக்கும். நான் சொல்லிட்டேன். சொல்லலைன்னு அப்புறம் யாரும் சொல்லாதீங்க."

சபை முழுதும் ஓலையைப் பார்த்தது. அங்கே இன்னும் ஒன்றும் இல்லை.

தகப்பன் வந்தான். முறுக்கு மீசை, தலைப்பாகை, தோளில் துண்டு. உள்ளே இருப்பது வாத்தியார் என்று தீர்த்தகிரிக்குத் தெரியும். இடது தோளைச் சற்றுத் தூக்கி நடக்கும் நடை. அது யாருடைய நடை என்று யோசித்தார். தன்னுடையதுதான் என்று தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கடிதம் வந்தது. தகப்பன் உறையைத் திருப்பிப் பார்த்தான். கையெழுத்தைப் பார்த்தான்.

"அந்த வீட்டுக் காகிதம் என் வீட்டுக் கூரையோடு மக்கட்டும்."

ஓலையில் வெள்ளை முனை தெரிந்தது.

"ஐயோ, செருகிட்டானே" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அடுத்த காட்சி. தகப்பன் ஓலையின் கீழே உட்கார்ந்து வெற்றிலை மடித்தான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "மேல பாருய்யா!" இன்னொரு குரல். "எடு, எடு!" பக்கத்துப் பெண் முழங்காலில் எழுந்துவிட்டாள். "படிச்சுத்தான் பாரேன்டா, பாவி மனுஷா!"

"சும்மா உக்காரும்மா" என்றார் தீர்த்தகிரி. "நாடகம்தானே."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உனக்கென்னய்யா? சாகப்போறது உம் பொண்ணா?"

அவர் மேடைப் பக்கம் திரும்பினார்.

மேடையில் மகன் வந்து கெஞ்சினான். அவளிடமிருந்து ஏதாவது சேதி வந்ததா, அப்பா?

"வரவில்லை" என்றான் தகப்பன்.

அது இரண்டு வார்த்தைகூட இல்லை. தீர்த்தகிரி அதை எத்தனையோ ஊர்களில் சொல்லியிருக்கிறார். ஓங்கிச் சொல்லியிருக்கிறார், கடுகடுத்துச் சொல்லியிருக்கிறார். வாத்தியார் அப்படிச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, மகன் முகத்தைப் பாராமல் சொன்னார். சொல்லும்போது தகப்பனின் இடது கை மார்புக்குப் போய், அங்கே ஒரு கணம் இருந்து, திரும்பியது.

மகன் போனான். மேடையில் தகப்பன் மட்டும் இருந்தான். தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கடிதம். பின்னால் பறை மெதுவாகத் தொடங்கியது. வெள்ளம் வருவதற்கு முன் அடிக்கிற அடி. அதற்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று தீர்த்தகிரிக்கு அடி அடியாகத் தெரியும்.

தகப்பன் நிமிர்ந்தான். ஓலையைப் பார்த்தான். கை பாதி எழுந்தது.

கை இறங்கியது.

"எடுய்யா!"

அந்தக் குரல் ஐந்தாவது வரிசையிலிருந்து வந்தது. பெரிய குரல். எல்லோரும் திரும்பினார்கள். தீர்த்தகிரி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"எடுய்யா! எடுத்துப் படி! இன்னும் நேரம் இருக்குதய்யா!"

மேடையில் தகப்பன் அசையவில்லை. பறை வேகமானது. பக்கத்துப் பெண் தீர்த்தகிரியின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு, பெரியவரே. அவனுக்கு உறைக்காது."

அவர் உட்கார்ந்தார். வெள்ளம் வந்தது. பெண் போனாள், பையன் போனான். கடைசியில் தகப்பன் கை நீட்டினான். உறை கிழியும் சத்தம் தூண் வரை வந்து நின்றது. ஒரு குழந்தைகூட அழவில்லை. பாயை உதறக்கூட யாரும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

தீர்த்தகிரி திரைக்குப் பின்னால் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வாத்தியார் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மீசையில் ஒரு பாதி போயிருந்தது. அன்றைய நாடகக் கடிதத்தின் உறை இரண்டாகக் கிழிந்து காலடியில் கிடந்தது.

குட்டியப்பன் அவரைப் பார்த்ததும் தொடங்கினான். "என்ன மாமா, சத்தம் தாங்க முடியலைன்னீங்க? இன்னைக்குச் சபையிலேயே பெரிய தொண்டை உம்மோடதுதான்."

வாத்தியார் தலையசைக்க, குட்டியப்பன் துடுப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"வாத்தியாரம்மா."

"சொல்லுங்க, அண்ணா."

"நான் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நல்லா கேட்டுச்சா?"

"ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு."

"கை பாதி எழுந்துச்சே. அப்புறம் ஏன் எடுக்கலை?"

வாத்தியார் மீதி மீசையைத் துடைத்தார். துணியை மடித்துப் பெட்டியின் மேல் வைத்தார்.

"எனக்கு அப்படி எழுதி வைச்சிருக்கு, அண்ணா."

தீர்த்தகிரி நின்றார். கை சட்டைப் பைக்குப் போனது.

வாத்தியார் எழுந்து முகம் கழுவப் போனார். தொட்டியில் தண்ணீர் மொண்டுகொண்டிருக்கும்போது, முதுகுக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், உறை ஒன்று கிழியும் சத்தம் கேட்டது.